உப்பும் குரோமியமும் ஏறிய நிலத்தில் உயிர்க்கரி: ராணிப்பேட்டை, வாலாஜா மண்ணுக்கு அது பொருந்துமா?

பொன்னையாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வாலாஜாபேட்டைக்கும் ராணிப்பேட்டைக்கும் இடையில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. மேட்டுப் பகுதியில் இன்றும் கேழ்வரகும் நிலக்கடலையும் விளைகின்றன. பள்ளப் பகுதியில், முன்பு கழிவுநீர் ஓடிய வாய்க்காலை ஒட்டியிருக்கும் ஒரு ஏக்கர், என் தந்தையார் காலத்திலேயே தரிசாகிவிட்டது. கோடையில் அங்கே வெள்ளைப் பூப் பூத்ததுபோல் உப்புப் படிகிறது. மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் தேங்கி நிற்கிறது. மண் பரிசோதனையில் கார அமில நிலை (pH) எட்டரைக்குச் சற்று மேலும், உப்பு நிலை மிக அதிகமாகவும் வந்தன. தனியார் ஆய்வகம் ஒன்றில் மொத்தக் குரோமியத்தையும் பார்த்தேன். மேட்டு நிலத்து மண்ணைவிடப் பல மடங்கு அதிகம்.

அண்மையில் உயிர்க்கரி விற்கும் ஒருவர் வந்து, சீமைக் கருவேல மரத்தில் சுட்ட கரியை ஏக்கருக்கு இரண்டு டன் போட்டால் உலோகங்கள் எல்லாம் கட்டுண்டுவிடும், நுண்ணுயிர்கள் தாமாகப் பெருகும் என்று உறுதி சொன்னார். பயோசார் என்று ஆங்கிலத்தில் சொல்லும் இந்த உயிர்க்கரி பற்றி நான் தேடிப் படித்தவற்றில் பெரும்பாலானவை காட்மியம், ஈயம் பற்றியே பேசுகின்றன. குரோமியத்துக்கும் அது பொருந்துமா? கரி போட்ட பின் மண்ணின் வேதியியலில் என்னதான் நடக்கிறது? ஆரணிப் பக்கம் அரிசி ஆலைகளில் மலிவாகக் கிடைக்கும் கருஞ்சாம்பலை அதற்குப் பதிலாகப் போடலாமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மண்வேதி எழுதியது:

வணக்கம் ஐயா. விற்பனையாளர் சொன்னது ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் ஓரளவு உண்மை. குரோமியத்துக்கு அப்படியே பொருந்தாது. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

விறகையோ தேங்காய் ஓட்டையோ காற்றோட்டம் மிகக் குறைந்த நிலையில், ஏறத்தாழ 300 முதல் 700 பாகை செல்சியஸ் வரை சூடாக்கும்போது எஞ்சும் கரிதான் உயிர்க்கரி. அதன் மேற்பரப்பில் கார்பாக்சிலிக், ஃபீனால் போன்ற வினைச்செயல் தொகுதிகள் இருக்கின்றன. நம் மண்ணின் கார அமில நிலையில் அவை எதிர்மின்சுமை தாங்கி நிற்கின்றன. ஈயம், காட்மியம், செம்பு, துத்தநாகம் ஆகியவை மண்நீரில் நேர்மின் அயனிகளாக உலவுவதால், கரி அவற்றை ஈர்த்துப் பிடிக்கிறது. அதோடு கரியில் உள்ள சாம்பல் மண்ணின் காரத்தன்மையை உயர்த்துவதால், அந்த உலோகங்கள் ஹைட்ராக்சைடாகவோ கார்பனேட்டாகவோ பாஸ்பேட்டாகவோ வீழ்படிகின்றன. அமில மண்ணில் செய்யப்படும் ஆய்வுகளில் கிடைக்கும் சிறப்பான முடிவுகளில் பெரும்பகுதி இந்தச் சாம்பல் சுண்ணாம்புபோல் அமிலத்தைத் தணிக்கும் வேலைதான். உங்கள் நிலத்தில் கார அமில நிலை ஏற்கெனவே எட்டரை. அங்கே அந்த வேலைக்கு இடமே இல்லை.

குரோமியம் இரண்டு முகம் கொண்டது. மூவிணைதிறக் குரோமியம் (Cr III) நேர்மின் அயனி. கார அமில நிலை ஐந்தரையைத் தாண்டினாலே ஹைட்ராக்சைடாகி மண்ணில் படிந்துவிடும், செடிக்குள் எளிதில் போகாது. ஆறிணைதிறக் குரோமியமோ (Cr VI) ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமேட் என்ற எதிர்மின் அயனியாக இருக்கிறது. எதிர்மின்சுமை உள்ள கரி அதை ஈர்க்காது, விலக்கும். போதாக்குறைக்கு, காரத்தன்மை கூடினால் இரும்பு ஆக்சைடுகள் பிடித்து வைத்திருக்கும் குரோமேட்டும் விடுபட்டு நீரோடு இறங்கத் தொடங்கும். ஆர்சனிக், மாலிப்டினம் போன்றவற்றுக்கும் இதே கதைதான். ஆகவே சாம்பல் மிகுந்த கரியைக் கார மண்ணில் போட்டு ஆறிணைதிறக் குரோமியத்தைக் கட்டலாம் என்று எவரேனும் சொன்னால், ஆய்வக முடிவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அப்படியானால் கரி குரோமேட்டை அகற்றியதாகச் சொல்லும் ஆய்வுகள் பொய்யா என்றால், அவையும் பொய்யல்ல. அவற்றில் நடப்பது ஒடுக்க வினை. கரியில் உள்ள ஃபீனால் தொகுதிகள் எலக்ட்ரான்களைக் கொடுத்துக் குரோமேட்டை மூவிணைதிற நிலைக்கு இறக்குகின்றன. இறங்கிய குரோமியம் கரியிலேயே ஒட்டிக்கொள்கிறது. ஆனால் ஒரு குரோமேட் அயனி இறங்குவதற்கு மூன்று எலக்ட்ரான்கள் மட்டுமன்றி ஏழெட்டு ஹைட்ரஜன் அயனிகளும் செலவாகின்றன. கார அமில நிலை இரண்டு, மூன்று உள்ள ஆய்வகக் குடுவையில் அவை தாராளம். எட்டரை உள்ள வயலில் பஞ்சம். வினை நின்றுவிடுவதில்லை, ஆனால் மிக மெதுவாகிவிடுகிறது.

ஏட்டுக்கணக்கு ஒன்றும் போட்டுப் பார்க்கலாம். நல்ல கரி ஒரு கிராமுக்கு ஒரு மில்லிமோல் எலக்ட்ரான் கொடுக்கும் என்று தாராளமாக வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ 17 மில்லிகிராம் ஆறிணைதிறக் குரோமியத்தை ஒடுக்கலாம். மண்ணின் எடையில் நூற்றில் ஒரு பங்கு கரி கலந்தால், ஒரு கிலோ மண்ணுக்குச் சுமார் 170 மில்லிகிராம். இது உச்சவரம்பு; கார மண்ணில் இதில் சிறு பகுதியே நடைமுறையில் கிடைக்கும். மேலும், விற்பனையாளர் சொன்ன இரண்டு டன் அந்த நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஒரு ஏக்கரில் 15 சென்டிமீட்டர் ஆழ மண்ணின் எடை ஏறத்தாழ 850 டன். அதில் நூற்றில் ஒன்று என்றால் எட்டரை டன் கரி வேண்டும்.

எனவே முதல் கேள்வி உங்கள் மண்ணில் இருப்பது எந்தக் குரோமியம் என்பதுதான். மொத்தக் குரோமியம் என்ற ஒற்றை எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஓய்வுபெற்ற டேனரிக்காரர் எழுதியது:

மண்வேதி கேட்ட கேள்விக்குத் தொழில் பக்கத்திலிருந்து ஒரு பதில் சொல்லலாம். வாணியம்பாடியில் தோல் பதனிடும் வேலையிலேயே என் பணிக்காலம் கழிந்தது.

நம் வட்டாரத்தில் குரோமியம் இரண்டு வழிகளில் மண்ணுக்கு வந்தது. தோல் பதனிடுவதற்குப் பயன்படும் காரக் குரோமியம் சல்பேட்டில் இருப்பது மூவிணைதிறக் குரோமியம். பழைய முறையில் தொட்டியில் போட்ட குரோமியத்தில் 60 முதல் 70 விழுக்காடுதான் தோலில் ஏறும்; மீதி கழிவுநீரோடு வெளியேறும். அதோடு பச்சைத்தோல் கெடாமல் இருக்கத் தடவிய உப்பும், மயிர் நீக்கப் போட்ட சுண்ணாம்பும் சல்ஃபைடும் சேர்ந்து போகும். ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்து வயல்களில் பயிரைக் கொன்றது பெரும்பாலும் குரோமியத்தைவிட இந்த உப்புதான் என்பது என் கருத்து. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் தொழிற்சாலையின் கழிவுக் குவியல் வேறு வகை. குரோமியத் தாதுவைச் சோடா உப்போடு வறுத்துக் குரோமேட் எடுத்த பின் எஞ்சியது அது. அதில் ஆறிணைதிறக் குரோமியம் இருக்கிறது, காரமும் மிகக் கடுமை. அதைச் சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் மஞ்சளாக வந்ததற்கு அதுவே காரணம்.

1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில் அளித்த தீர்ப்பைப் பலரும் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டுக்காக நினைவுகூர்கிறார்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த கணக்கின்படி ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற செய்தியும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அந்த 35,000 ஹெக்டேரும் ஒரே நோயால் கெட்டவை அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மருந்து தேட வேண்டும்.

பொன்னையாற்றங்கரை ஐயா, உங்கள் வாய்க்காலில் ஓடியது எந்தத் தொழிற்சாலைக் கழிவு என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

குடியாத்தம் உழவன் எழுதியது:

படித்தவர்கள் வேதியியல் பேசுகிறீர்கள்; நான் கணக்குப் பேசுகிறேன். உலர்ந்த விறகின் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குதான் கரியாக மிஞ்சும். எட்டரை டன் கரிக்கு 25 முதல் 34 டன் விறகு வேண்டும். ஒரு ஏக்கருக்கு இவ்வளவு! சீமைக் கருவேலம் ஏரி முழுக்க நிற்கிறது என்பது உண்மைதான், ஆனால் வெட்டுக்கூலி, வண்டிக்கூலி, மூட்டம் போடும் கூலி எல்லாம் யார் கொடுப்பது? அந்தக் காசுக்கு ஜிப்சமும் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டின் விதையும் வாங்கிப் போட்டால் களர் நிலம் திருந்தும் என்பது நாங்கள் பார்த்தறிந்தது. அமேசான் காட்டில் பழங்குடியினர் கரி போட்டு மண்ணைக் கருமையாக்கினார்கள் என்று எல்லாக் கட்டுரையிலும் எழுதுகிறார்கள். அது அமில மண், மழையும் மிகுதி. சுண்ணாம்புக் கல் புரளும் நம் நிலத்துக்கு அந்த உதாரணம் எதற்கு?

காட்பாடி ஆய்வாளர் எழுதியது:

குடியாத்தம் ஐயா சொன்ன அமேசான் கருத்தை நானும் ஏற்கிறேன். ஆனால் உயிர்க்கரியை ஈர்க்கும் பொருள் என்ற அளவில் மட்டும் பார்ப்பது போதாது என்று தோன்றுகிறது. நான் மண் நுண்ணுயிரியலில் ஆய்வு செய்யும் மாணவி; அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

கரியின் நுண்துளைகளில் பாக்டீரியாக்கள் குடியேறிப் பெருகும் என்று விற்பனையாளர்கள் படம் போட்டுக் காட்டுவார்கள். கரியின் பரப்பளவு என்று எண்களில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி, ஒரு பாக்டீரியாகூட நுழைய முடியாத அளவுக்குச் சிறிய துளைகளுக்குள் இருக்கிறது. மரத்தின் நாளங்கள் வழியே வந்த பெரிய துளைகளில் குடியேற்றம் உண்டு. ஆயினும் நுண்ணுயிர்களுக்குக் கரியால் கிடைக்கும் பெரிய நன்மை வீடன்று. நீரும் காற்றும் சீராவது, நச்சு அயனிகளின் செறிவு மண்நீரில் குறைவது, சாம்பலிலிருந்து பொட்டாசியமும் பாஸ்பரசும் கிடைப்பது ஆகியவையே பெரியவை.

கரி போட்ட முதல் சில வாரங்களில் மண்ணின் சுவாசம் கூடும். அதைக் கண்டு மண் உயிர்பெற்றுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. கரியில் எளிதில் சிதையும் சிறு பகுதியை நுண்ணுயிர்கள் தின்று தீர்ப்பதே அந்த வேகம். 2016இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, உயிர்க்கரியில் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே சராசரியாக 108 நாள் தங்கும் எளிய பகுதி. மீதி 97 விழுக்காடு சராசரியாக 556 ஆண்டுகள் மண்ணில் தங்கக்கூடியது. எனவே கரி நுண்ணுயிர்களுக்கு உணவாகாது. உணவு வேண்டுமென்றால் தொழுவுரமோ பசுந்தாள் உரமோ உடன் போட வேண்டும்.

அளவிடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மண்ணின் உயிர்ப்பைக் காட்ட டிஹைட்ரஜனேஸ் நொதியை அளப்பது வழக்கம். அந்தச் சோதனையில் உண்டாகும் சிவப்பு நிறப்பொருளையே கரி ஈர்த்துக்கொள்வதால், உண்மையைவிடக் குறைவான எண் வரும். குளோரோஃபார்ம் புகையூட்டி நுண்ணுயிர் எடையைக் கணக்கிடும் முறையிலும், டிஎன்ஏ பிரித்தெடுப்பதிலும் இதே தொல்லை. கரி போட்ட மண்ணில் நுண்ணுயிர் கூடியது, குறைந்தது என்று வரும் செய்திகளை இந்த ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்.

இனி குரோமியத்துக்கு வருகிறேன். குரோமேட்டின் வடிவம் சல்பேட்டை ஒத்திருப்பதால், பாக்டீரியாவின் சல்பேட் வாயில் வழியாகவே அது உள்ளே நுழைந்துவிடுகிறது. உள்ளே ஒடுங்கும்போது தீங்கான ஆக்சிஜன் வடிவங்கள் உண்டாகி உயிரணுவைச் சிதைக்கின்றன. வேர் முடிச்சு பாக்டீரியாவும், அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களும் இதில் எளிதில் அடிபடுபவை. நிலக்கடலை நம் வட்டாரப் பயிர் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். தோல் கழிவு ஓடிய நிலங்களில் சல்பேட் மிகுந்திருப்பதால் அது குரோமேட்டோடு போட்டியிட்டு நுழைவைக் குறைக்கிறது. அதே சல்பேட் மண்துகளில் ஒட்டியிருக்கும் குரோமேட்டைத் தள்ளி நீரில் இறக்கவும் செய்கிறது. ஜிப்சம் போடும்போது இந்த இரண்டும் நடக்கும்.

மறுபக்கம், சூடோமோனாஸ், பேசில்லஸ் இனங்களில் பல குரோமேட்டை ஒடுக்கவல்லவை. மாசுபட்ட நிலத்திலேயே அவை இயற்கையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வாழ்கின்றன. வெளியிலிருந்து பாக்டீரியாப் பொட்டலம் வாங்கி ஊற்றத் தேவையில்லை. இங்கேதான் கரியின் இரண்டாவது பண்பு வருகிறது. நடுத்தர வெப்பத்தில், ஏறத்தாழ 400 முதல் 700 பாகைக்குள் சுட்ட கரியில் உள்ள குயினோன் தொகுதிகள் எலக்ட்ரான்களை வாங்கவும் திருப்பிக் கொடுக்கவும் வல்லவை என்று 2014இல் காட்டப்பட்டது. அதே ஆண்டில், ஷிவனெல்லா என்ற பாக்டீரியா தன் எலக்ட்ரான்களைக் கரி வழியாக இரும்புக் கனிமத்துக்குக் கடத்துகிறது என்றும் காட்டினார்கள். இரும்பு ஈரிணைதிற நிலைக்கு இறங்கினால், அது கார மண்ணிலும் குரோமேட்டை விரைவாக ஒடுக்கும். ஆகவே மண்வேதி ஐயா போட்ட 17 மில்லிகிராம் கணக்கு கரியின் சொந்தக் கையிருப்புக்கு மட்டுமே பொருந்தும். கரி எலக்ட்ரானைக் கைமாற்றிவிடும் இடையாளாக இருக்கும்போது அந்த வரம்பு இல்லை.

மண்வேதி எழுதியது:

ஆய்வாளர் அம்மா சொன்ன இடையாள் வேலை உண்மை. ஆனால் அது நடக்கும் சூழலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாக்டீரியா இரும்பை ஒடுக்குவதற்கு நீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்த நிலை வேண்டும், எளிதில் சிதையும் உணவும் வேண்டும். நெல் வயலில் அது அமையும். சேறாக்கித் தக்கைப்பூண்டை மடக்கி உழுது நீர் நிறுத்தினால் இரும்பும் சல்ஃபைடும் சேர்ந்து குரோமேட்டை நன்றாகவே இறக்கிவிடும். கேழ்வரகு போடும் மானாவாரி நிலத்தில் அந்தச் சூழல் பெருமழை நாட்களில் மட்டுமே வரும்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. மூவிணைதிற நிலைக்கு இறங்கிய குரோமியம் அங்கேயே நிற்கும் என்று உறுதி இல்லை. மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடு அதை மறுபடியும் ஆறிணைதிற நிலைக்கு ஏற்றிவிடக்கூடும் என்பது 1979 முதலே அறியப்பட்டது. ஹைட்ராக்சைடாக இறுகிக் கிடக்கும் குரோமியம் மாங்கனீசை எளிதில் எட்டாது. ஆனால் கரியிலிருந்தும் தொழுவுரத்திலிருந்தும் கரையும் கரிமச் சேர்மங்கள் குரோமியத்தைக் கட்டிக்கொண்டு நீரில் கரைய வைத்தால், அது நகர்ந்து போய் மாங்கனீசைச் சந்திக்கலாம். நீர் நின்று பிறகு காய்ந்து, மறுபடி நனைந்து காயும் நிலங்களில் இந்த ஏற்ற இறக்கம் ஓயாது. இரும்பு போதிய அளவு இருந்தால் குரோமியமும் இரும்பும் கலந்த ஹைட்ராக்சைடு உண்டாகும். அது தனிக் குரோமிய ஹைட்ராக்சைடைவிடக் கரைதிறன் குறைந்தது, மாங்கனீசிடமிருந்தும் ஓரளவு தப்பும்.

ஆகவே ஆறிணைதிறக் குரோமியம் இருப்பது உறுதியானால், நான் கரியைத் தனியாகப் போடச் சொல்ல மாட்டேன். இரும்புப் பற்றாக்குறைக்கு நாம் தெளிக்கும் அன்னபேதியைத்தான் (இரும்பு சல்பேட்) முதலில் நினைப்பேன். ஏட்டுக்கணக்கில் ஒரு கிராம் ஆறிணைதிறக் குரோமியத்துக்கு 16 கிராம் அன்னபேதி. காற்றுபட்டு வீணாவதைச் சேர்த்தால் இன்னும் கூடும். அதன் அமிலத்தன்மை கார மண்ணில் உதவியாகவே இருக்கும். கரி அதற்குத் துணை. அன்னபேதிக் கரைசலில் ஊறிய கரியில் இரும்பு ஒட்டிக்கொள்வதால், எதிர்மின் குரோமேட்டும் அங்கே வந்து ஒட்டும். கரியை அப்படி ஊறவைத்துப் போடுவது வெறும் கரி போடுவதைவிடப் பொருளுள்ளது.

ஓய்வுபெற்ற டேனரிக்காரர் எழுதியது:

இடையில் ஒரு சிறு செய்தி. குரோமியம் வருவதற்கு முன்பு நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டே தோல் பதனிட்டார்கள். அந்தத் துவர்ப்புப் பொருளில் உள்ள பாலிஃபீனால்களும் குரோமேட்டை ஒடுக்கக்கூடியவை. பட்டைக் கழிவு கிடைக்குமானால் அதை எரிக்காமல் மக்க வைத்துப் போடுவது வீண்போகாது.

ஆரணி ஆலை எழுதியது:

ஆலைச் சாம்பல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் ஆலையில் நெல் அவிக்கும் கொதிகலனுக்கு உமிதான் எரிபொருள். உமியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு போலச் சாம்பலாக வெளிவரும். முழுமையாக எரிந்த சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்காதான். வெளுத்திருந்தால் கரிமம் ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது என்று பொருள். கறுப்பாக இருந்தால் அரைகுறையாக எரிந்த கரிமம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். எவ்வளவு என்பது அன்றன்றைய காற்றோட்டத்தைப் பொறுத்தது, ஒரு லோடு போல் மறு லோடு இருக்காது. களிமண்ணை இளக்குவதற்காகப் பலர் வாங்கிப் போகிறார்கள், அந்த வேலையை அது செய்கிறது. அதை உயிர்க்கரி என்று சொல்லி விற்க எனக்கு மனமில்லை.

உமியை மூடிய கலத்தில் காற்றில்லாமல் கரியாக்கினால் நல்ல உமிக்கரி கிடைக்கும். அதற்கு ஆலைக் கொதிகலன் ஆகாது. தனியாக டிரம் வைத்துச் சுட வேண்டும்.

பொன்னையாற்றங்கரை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. டேனரிக்காரர் ஐயா சொன்னபடி விசாரித்தேன். எங்கள் வாய்க்காலில் ஓடியது தோல் கழிவுநீர்தான் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கிறதே தவிர, மஞ்சளாக ஒருநாளும் வந்ததில்லை.

இன்னொரு யோசனையும் வந்திருக்கிறது. தோல் கழிவுச் சேற்றையும் தோல் சீவல்களையும் டிரம்மில் போட்டுக் கரியாக்கினால் மூலப்பொருள் இலவசம், அதில் தழைச்சத்தும் இருக்கும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

ஓய்வுபெற்ற டேனரிக்காரர் எழுதியது:

வேண்டாம் ஐயா, அந்தப் பக்கமே போக வேண்டாம். சேற்றில் உள்ள குரோமியம் சூட்டில் எங்கும் போய்விடாது; கரிமம் குறையக் குறையக் குரோமியத்தின் செறிவுதான் ஏறும். அதைவிட மோசமானது, தோட்டத்து டிரம்மில் காற்று புகாமல் தடுப்பது கடினம். சுண்ணாம்பு கலந்த சேறு சூட்டில் காற்றோடு சேர்ந்தால், தீங்கு குறைந்த மூவிணைதிறக் குரோமியம் கால்சியம் குரோமேட்டாக, அதாவது ஆறிணைதிற வடிவமாக மாறிவிடும். இன்று படிந்து கிடக்கும் ஒன்றை நாமே நஞ்சாக்கி நிலத்தில் தூவியதாக முடியும். தோல் சீவலை அடுப்பில் எரிப்பவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

மண்வேதி எழுதியது:

முழுமையாக உடன்படுகிறேன். பெருந்தொழில் அளவில் ஆக்சிஜனை அறவே நீக்கிச் செய்யும் ஆய்வுகள் உண்டு, அவை கழிவைக் கையாளும் முயற்சிகள். வயலுக்கு உரம் செய்யும் முறை அல்ல.

கிணறு மஞ்சளாகவில்லை என்பது நல்ல அறிகுறி, ஆனால் போதிய சான்று அல்ல. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. அந்த அளவில் தண்ணீரில் நிறமே தெரியாது. டைஃபினைல் கார்பசைடு சோதனையில் ஆறிணைதிறக் குரோமியம் இருந்தால் கத்தரிப்பூ நிறம் காட்டும். மண்ணையும் கிணற்று நீரையும் அதற்குக் கொடுங்கள்.

அதில் இல்லை என்று வந்தால், உங்கள் நிலத்தின் சிக்கல் முதன்மையாகச் சோடியம். அதற்குக் குடியாத்தம் ஐயா சொன்ன வழிதான் அடிப்படை: வடிகால், ஜிப்சம், நல்ல நீரால் அலசுதல், தக்கைப்பூண்டு. ஜிப்சத்தின் கால்சியம் களித்துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தை இடம்பெயர்க்கிறது. பெயர்ந்த சோடியத்தை நீர்தான் கீழே கொண்டுபோக வேண்டும். கரி இதில் எதையும் செய்யாது. ஆனால் இறுகிய மண்ணில் நீர் இறங்கும் வேகத்தைக் கூட்டி, அலசலை எளிதாக்கும். அந்த ஒரு காரணத்துக்காக, கிடைக்கும் அளவு கரியை ஜிப்சத்தோடு சேர்த்துப் போடுவதை நான் ஆதரிப்பேன். சாம்பலின் உப்பு கூடாமல் இருக்க, கரியை முதலில் நீரில் அலசி, பிறகு தொழுவுரத்தோடு கலந்து ஊற வைத்துப் போடுங்கள். அலசி இறங்கும் உப்பு நீர் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். உங்கள் கிணற்றுக்கோ அடுத்தவர் கிணற்றுக்கோ அது போய்ச் சேருமானால் வடிகாலின் திசையை மாற்றாமல் தொடங்க வேண்டாம்.

குடியாத்தம் உழவன் எழுதியது:

இப்போது கணக்கு ஒத்துவருகிறது. எட்டரை டன் வேண்டாம், கிடைக்கும் அளவு போதும் என்றால் வரப்போரக் கருவேலத்தை வெட்டினாலே ஆகும். ஒன்று மட்டும்: ஒருமுறை போட்ட கரியைத் திரும்ப எடுக்க முடியாது. முழு ஏக்கரிலும் கொட்டுவதற்கு முன் தொட்டியில் கேழ்வரகு விதைத்துப் பாருங்கள், பிறகு ஒரு பாத்தியில். முளைப்பும் வேரும் சொல்லிவிடும்.

பொன்னையாற்றங்கரை எழுதியது:

அப்படியே செய்கிறேன். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுப் பார்க்கிறேன். ஆறிணைதிறக் குரோமியச் சோதனைக்கு மண்ணை எப்படி எடுத்துக் கொடுக்க வேண்டும்? வழக்கம்போல் நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்துக் கொடுக்கலாமா?

காட்பாடி ஆய்வாளர் எழுதியது:

உலர்த்த வேண்டாம் ஐயா. உலர்த்தும்போதே குரோமியமும் மாங்கனீசும் வடிவம் மாறத் தொடங்கிவிடும். பின்னர் வரும் எண் உங்கள் வயலின் எண்ணாக இராது. மேல் 15 சென்டிமீட்டரிலும் அதற்குக் கீழேயும் தனித்தனியாக, பள்ளத்தில் சில இடங்களிலும் ஒப்பிடுவதற்காக மேட்டில் ஓரிடத்திலும் எடுங்கள். துருப்பிடித்த மண்வெட்டி வேண்டாம், இரும்புத் துரு முடிவைக் கெடுக்கும். நெகிழிக் கரண்டியோ மரத்தகடோ போதும். எடுத்த ஈரத்தோடு நெகிழிப் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். உறைய விடவும் வேண்டாம், 4 பாகைக் குளிர் போதும். கொடுக்கும்போது காரக் கரைசலில் செரித்து எடுக்கும் முறையில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அமிலத்தில் செரித்தால் ஆறிணைதிறம் அங்கேயே ஒடுங்கி, மொத்தக் குரோமியத்தின் கணக்கில் கலந்துவிடும். கார அமில நிலையையும் உப்பு நிலையையும் பார்க்க வேண்டிய பகுதியை மட்டும் தனியே பிரித்து, வழக்கம்போல் நிழலில் உலர்த்திக் கொடுக்கலாம்.